இரண்டு விரல் இடுப்பு

அம்பத்தூர்
12.6.1983

அக்கா பாஞ்சாலைக்கு நீலா எழுதிக்கொள்வது.

நான் இங்கே சுகம். நீயும் மாமாவும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? மலையில் மழை இறங்கியதா, சாமை விதைத்தாயிற்றா என்று எழுது.

தனிப் பார்சலில் சின்னக்குழந்தைக்கு ஒரு பொம்மை வரும். எங்கள் கம்பெனியில் செய்தது. வெளிநாட்டு அச்சு, வெளிநாட்டுக்குத்தான் போகிறது. மெட்ராஸிலேயே பெரிய வீட்டுப் பிள்ளைகள்தான் இதை வைத்திருக்கும். ஒரு பக்கம் முடி சரியாக ஒட்டவில்லை என்று கழித்துப் போட்டார்கள். மேஸ்திரியைக் கெஞ்சி வாங்கினேன். கண்ணும் உதடும் நான் எழுதியவை. என் கை நடுங்காது என்பதால் எங்கள் வரிசையில் கண் எழுத என்னைத்தான் உட்கார வைப்பார்கள்.

பிரித்ததும் இடுப்பைப் பிடித்துப் பார் அக்கா. இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும். பெண் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்றுதான் இங்கே எல்லோரும் பேசுகிறார்கள். அந்தக் காலத்தில் நம் ஆட்கள் என்னைக் கழி, கொம்பு என்று சிரித்தார்களே, நினைவிருக்கிறதா? அந்த உடம்புக்கு இங்கே வேறு பெயர். நான் அப்போது இருந்த மாதிரியேதான் இருக்கிறேன்.

பொம்மையை மாமாவிடமும் காட்டு.

குழந்தையைக் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பால் பல் விழவில்லை. பெயர்தான் சின்னக்குழந்தை, இப்போது பன்னிரண்டு முடிந்திருக்கும். லீவு கிடைத்தால் வருகிறேன் என்று ஒவ்வொரு வருடமும் எழுதுகிறேன். இந்த வருடமும் எழுதுகிறேன்.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் தங்கை
நீலாவதி


புதூர்நாடு
20.7.1983

நீலாவுக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் நலம். மாமாவுக்கு மட்டும் சளி விடவில்லை. காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற கூடத்தில் தோட்ட வேலை அவருக்கு. வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டுக்கு வருகிறார். உன் உடம்பு எப்படி? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

பார்சல் வந்தது. பிரிக்கும்போது ஊரே வாசலில் நின்றது. பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் பொம்மையின் பாவாடையைத் தூக்கிப் பார்த்து, "இன்னாடி இது, இந்த இடுப்புல கொடல எங்க வெச்சிருக்கும்? சோறு துன்னா நேரா காலுக்குப் போய்டுமா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். சின்னக்குழந்தை சிரிக்கவில்லை. பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அது பக்கத்தில் இல்லாமல் தூங்குவதில்லை. "எங்க சின்னம்மா எழுதின கண்ணு" என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். பெற்றவளைப் பற்றி அவள் யாரிடமும் இவ்வளவு பேசியதில்லை.

மாமாவும் பார்த்தார்.

பொம்மை அழகாகத்தான் இருக்கிறது. அதன் தலையில் ஒரு விறகுச் சுமை வைத்தால் முதலில் எங்கே ஒடியும் என்று யோசித்தேன். தப்பாக நினைக்காதே.

இந்த வருடம் பலா நன்றாகக் காய்த்தது. உனக்கு அனுப்பத்தான் வழி இல்லை. உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா
பாஞ்சாலை


அம்பத்தூர்
4.8.1983

அக்காவுக்கு நீலா.

சுகம். உங்கள் சுகத்துக்குக் கடிதம் போடு. மாமாவின் சளிக்குத் தூதுவளை அரைத்துக் கொடு.

"மாமாவும் பார்த்தார்" என்று எழுதியிருக்கிறாய். பார்த்தார், சரி. என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுதக்கூடாதா? கண் எழுதியவளுக்கு அதைக் கேட்கிற ஆசை இருக்காதா?

இங்கே இரண்டு ஷிப்ட் வேலை. அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். குழந்தைக்கு என் முத்தம்.

நீலா


புதூர்நாடு
2.10.1983

நீலாவுக்கு.

எல்லோரும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? பதில் எழுத நாளாகிவிட்டது. களை எடுப்பு, அப்புறம் காட்டுப்பன்றிக் காவல்.

உன் பொம்மையால் வீட்டில் நிம்மதி போய்விட்டது. சின்னக்குழந்தை இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு திரிகிறாள். விறகுக்குக் கூப்பிட்டால், "சொமை தூக்கினா கழுத்து தடிச்சிடும், நான் வர்ல" என்கிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து சாக்பீஸ் எடுத்து வந்து பொடி செய்து முகத்தில் தேய்த்துக்கொள்கிறாள். பொம்மையின் கையைத் தன் கையோடு சேர்த்து வைத்து நிறம் பார்க்கிறாள். நேற்று நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏம்மா, உன் இடுப்பு மட்டும் ஏன் ஆட்டுக்கல்லு மாதிரி இருக்குது?"

அறைந்துவிட்டேன். அவளை இதுவரை நான் அடித்ததில்லை.

இந்த இடுப்பில் எத்தனை குடம் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியுமா? உனக்குத் தெரியும். நீ ஒரு குடத்துக்கே மூச்சு வாங்குவாய். உன் குடத்தையும் சேர்த்து நான்தான் தூக்குவேன். அது வெறும் பிளாஸ்டிக், அப்படி எந்தப் பெண்ணும் உலகத்தில் இல்லை என்று நீயே அவளுக்கு ஒரு கடிதம் எழுது. நான் சொன்னால் கேட்கமாட்டாள். நீ சொன்னால் கேட்பாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாஞ்சாலை


அம்பத்தூர்
21.10.1983

அக்காவுக்கு.

உடம்பு சுகம்தான். உன் கடிதத்தைப் படித்ததும் மனசுதான் கெட்டுப்போனது.

அப்படி எந்தப் பெண்ணும் உலகத்தில் இல்லை என்று எழுதச் சொல்கிறாய். ஒருத்தி இருந்தாள் அக்கா. மாமா வீட்டார் பெண் கேட்டு வந்த அன்றைக்கு, உன் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள். பெரிய மாமா, அதுதான் உன் மாமனார், உன் தோளைத் தட்டிப் பார்த்தார், மாடு வாங்க வந்தவர் மாதிரி. என்னைத் தொடக்கூட இல்லை. "சின்னது ஒடிஞ்சு பூடும். பெரிசுதான் கல்லையே தூக்கும். அதையே குடுங்க" என்றார். மாமா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நீயும் பேசவில்லை. உன் தோளை அவர் தட்டியபோது உன் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

மலையில் தோளைப் பார்த்து எடுக்கிறார்கள். இங்கே இடுப்பைப் பார்த்து எடுக்கிறார்கள். எடுக்கிறவன் எப்போதும் ஆம்பிளைதான். எங்கள் கம்பெனியின் விற்பனைக் கடைக்குப் பெண்கள் வேண்டும் என்றார்கள். நானும் போய் நின்றேன். மேஸ்திரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ உள்ளேயே இரும்மா, உன் கை நல்ல கை" என்றான். கை நல்ல கையாம். பொம்மைக்குப் பிளாஸ்டிக் உருக்கும்போது கலக்குகிற சாயத்து டின்னின் மேல் "ஸ்கின்" என்று எழுதியிருக்கும். தோல் என்று அர்த்தம். வேறு எதுவும் எழுதியிருக்காது. தோல் என்றாலே அந்த ரோஸ் நிறம்தான். நம் நிறத்திலும் ஒரு டின் இருக்கிறது அக்கா. அதைப் பொம்மையின் செருப்புக்கு ஊற்றுவோம்.

இதை உன் பிள்ளைக்கு நான் எப்படி எழுதுவேன்? அவள் ஒல்லியாக இருக்க ஆசைப்பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும். ஒல்லியானவளை ஒருவராவது அழகு என்று சொல்லட்டும்.

நான் கேட்ட கேள்விக்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நீலாவதி


புதூர்நாடு
11.12.1983

நீலாவுக்கு அக்கா எழுதுவது.

நீயும் சுகம், நாங்களும் சுகம் என்று வைத்துக்கொண்டு நல்ல சேதி எழுதுகிறேன். சின்னக்குழந்தை பெரியவளாகிவிட்டாள்.

தாய்மாமன் முறைக்கு நம் தம்பி வேடியப்பன் ஊருக்கு வெளியே தழைக் குடிசை கட்டிக் கொடுத்தான். அதில்தான் இருக்கிறாள். நம் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. பெற்றவளானாலும் உள்ளே போகக்கூடாது. சோற்றை வாசலில் வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். நானும் எதிலும் குறை வைக்கவில்லை. விடிந்ததும் நல்லெண்ணெயில் நாட்டுக்கோழி முட்டை. பகலில் உளுந்துக் களியும் வெல்லமும். சாயந்திரம் சாமைச் சோறு, கருவாட்டுக் குழம்பு. வெளியே வரும்போது எப்படி வருகிறாள் என்று பார். இப்போதே இரண்டு இடத்திலிருந்து கேட்டு வைத்திருக்கிறார்கள்.

நீ பயந்த மாதிரி, இல்லை, நான் பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. வயசுப் பசி வந்ததும் பொம்மைப் பைத்தியம் போய்விட்டது. தட்டு கழுவி வைத்த மாதிரி திரும்பி வருகிறது. ஒரு பருக்கை மிச்சம் இல்லை. கெங்கம்மாள்கூட, "உன் பொண்ணு குடிசையையே துன்னுடுவா போலிருக்குது" என்று கண் வைத்தாள். குடிசைக்குக் காவல் படுத்திருக்கிற நம் நாய்கூடக் கொழுத்துவிட்டது என்றால் பார்த்துக்கொள். என் பிள்ளை என் உடம்பாகத்தான் வருவாள் நீலா.

தைப் பொங்கல் கழித்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி வீட்டுக்கு அழைக்கிறோம். சின்னம்மா முறைக்கு நீ வரவேண்டும். கம்பெனியில் சொல்லிவிட்டு வா.

உடம்பு ஜாக்கிரதை.

அக்கா


அம்பத்தூர்
24.12.1983

அன்புள்ள அக்காவுக்கு.

சுகம். சேதி கேட்டு அன்றைக்கு எங்கள் வரிசைப் பெண்கள் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். பெரியவளானது எனக்குப் பிறந்த பெண் மாதிரி எல்லோரும் என்னை விசாரித்தார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

லீவு கிடைக்காது. அவளுக்குப் பாவாடைத் துணி அனுப்புகிறேன்.

ஒன்று கேட்கவேண்டும். கோபப்படாதே. அவளை நீ கிட்டத்தில் பார்த்தாயா? எங்கள் கடையில் நிற்கிற பெண் ஒருத்தி தினமும் டிபன் பாக்ஸைக் காலியாகத்தான் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவாள். போன வாரம் படியில் மயங்கி விழுந்தாள். அப்புறம்தான் தெரிந்தது, சோற்றைக் காக்காய்க்குப் போட்டிருக்கிறாள். தட்டைப் பார்க்காதே அக்கா. பிள்ளையைப் பார். தீட்டு என்று தள்ளி நிற்காமல் உள்ளே போய்ப் பார்.

உடனே பதில் போடு. உன் உடம்பையும் எழுது.

நீலா


புதூர்நாடு
19.1.1984

நீலாவதிக்கு.

உன் கடிதம் வருவதற்கு முந்திய நாளே எல்லாம் நடந்துவிட்டது.

காலையில் முட்டையோடு களியையும் ஒரே தட்டில் வாசலில் வைத்தேன். எடுக்க அவள் கை வெளியே வரவில்லை. கூப்பிட்டேன். சத்தம் இல்லை. தினமும் தூரத்திலிருந்துதான் பார்ப்பேன். மார்கழிப் பனி என்று கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டிருப்பாள். கம்பளிக்குள் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? உள்ளே போகக் கால் எடுத்தேன். கெங்கம்மாள், "உள்ள போவாதடி, தீட்டு, ஊருக்கு ஆவாது" என்றாள். நின்றுவிட்டேன். களி ஆறிப்போகிற வரைக்கும் பெற்ற நான் வாசலில் நின்றேன்.

அப்போது நாய் எழுந்து வந்தது. என்னைப் பார்த்துப் பயப்படவில்லை. தினப்படி வழக்கம் மாதிரி என் எதிரிலேயே தட்டில் வாய் வைத்துத் தின்றது. நேராக முட்டையைத்தான் முதலில் எடுத்தது.

அப்புறம் தீட்டையும் பார்க்கவில்லை, ஊரையும் பார்க்கவில்லை. உள்ளே போனேன். துடைப்பக்கட்டு மாதிரி கிடந்தாள். என் பழைய சேலைக் கிழிசலை இடுப்பில் இறுக்கிச் சுற்றியிருந்தாள். அவிழ்த்தால் தோல் கன்றிப் போயிருந்தது. பக்கத்தில் உன் பொம்மை. நீ எழுதின கண்ணால் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வேடியப்பனும் இன்னொருத்தனும் கம்பளியில் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். ஜீப் வருமா வராதா என்று பாதையில் உட்கார்ந்திருந்தோம். இந்த மலைக்கு ஓட்டு வாங்க மட்டும் நேரத்துக்கு ஜீப் வரும். கீழே ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பக்கத்துக் கட்டில்காரி என்னிடம், "இன்னாம்மா, மலையில பொண்ணுங்களுக்கு சோறே போட மாட்டீங்களா?" என்றாள். என் கையில் அப்போதும் நல்லெண்ணெய் நாற்றம்.

பொம்மையை அடுப்பில் போட்டுவிட்டேன். நீ ஒடிந்துபோவாய் என்றார்கள், நீ ஒடியவில்லை. என் பிள்ளையை ஒடித்துவிட்டாய். இனி உன் கையெழுத்து இந்த வீட்டுக்கு வரவேண்டாம். உன் உடம்பை விசாரிக்க எனக்கு மனசில்லை.

பாஞ்சாலை


புதூர்நாடு
3.3.1984

அன்புள்ள சின்னம்மாவுக்கு சின்னக்குழந்தை எழுதும் கடிதம்.

நான் நலம். நீங்கள் நலமா? இது அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உங்கள் லெட்டர் ரெண்டு வந்துச்சு. அம்மா பிரிக்கல. குதிர் மேல வெச்சிருக்குது. கிழிக்கவும் இல்ல.

எனக்கு இன்னும் சோறு எறங்கல சின்னம்மா. இப்ப நான் வேணும்னு பண்ணல. துன்னா வெளிய வந்துடுது. ரெண்டு வாய் கஞ்சிதான் நிக்குது. கீழ டாக்டர் இப்படியே இருந்தா மறுபடி படுக்க வெக்கணும்னு சொன்னாரு. அம்மா அழுவுது. அம்மா அழுதா இன்னும் எறங்க மாட்டேங்குது.

அம்மா பொம்மைய எரிச்சிட்டேன்னு சொல்லுது, ஆனா எரிக்கல. சாமைக் குதிருக்குள்ள பொதச்சி வெச்சிருக்குது. நான் தூங்கறேன்னு நெனச்சி வெளிய எடுத்து இடுப்பப் புடிச்சிப் பாக்கும். அப்புறம் தன் இடுப்பத் தடவிப் பாக்கும். அப்புறம் திரும்ப சாமைக்குள்ள பொதச்சிடும்.

பார்சல் வந்த வாரம் அப்பா வூட்டுக்கு வந்தாரு. பொம்மைய கையில வெச்சிகினு ரொம்ப நேரம் பாத்தாரு. அம்மா அடுப்பாண்ட இருந்துச்சு. "அப்படியே நீலா மாதிரியே இருக்குது" அப்படின்னாரு. அவ்ளோதான் சொன்னாரு. அன்னிலேந்து அம்மா சாயந்திரம் சோறு துன்றது இல்ல. எங்களுக்குப் போட்டுட்டு, பானையில தண்ணி ஊத்தி வெச்சிட்டு, நான் துன்னுட்டேன்னு சொல்லும். நான் பாத்துகினே இருந்தேன். நான் பொம்மையப் பாத்துக் கத்துக்கல சின்னம்மா. அம்மாவப் பாத்துதான் கத்துக்கினேன். ஆனா இத நான் சொன்னா அம்மா செத்துப்பூடும். அதனால பொம்மையாலதான்னு சொல்லிட்டேன்.

நீங்க பொம்மை மாதிரிதான இருப்பீங்க? உங்க போட்டோ ஒண்ணு அனுப்புங்க. எவ்ளோ ஒல்லி ஆனா போதும்னு நான் பாத்துக்கறேன். அப்புறம் நிறுத்திடுவேன்.

உடம்பப் பாத்துக்குங்க.

இப்படிக்கு
சின்னக்குழந்தை


அம்பத்தூர்
14.3.1984

என் கண்ணு சின்னக்குழந்தைக்கு சின்னம்மா எழுதுவது.

உன் கடிதம் வந்தது. நான் சுகம். நீ சுகம் இல்லை என்று தெரியும். அதனால் கேட்கவில்லை.

போட்டோ கிடையாது. போட்டோக்காரன் கடைக்குப் போய் நான் எவ்வளவோ வருடம் ஆகிறது. நானே வருகிறேன். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். லீவு இல்லை என்றான். அப்படியென்றால் கண்ணை நீயே எழுதிக்கொள் என்று தூரிகையை அவன் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மத்தியான ஜீப்பில் இறங்குவேன். என்னைப் பார்த்ததும் உனக்குச் சிரிப்பு வந்தால் அடக்காதே, சிரி. உன் கேள்விக்கு அதுதான் பதில்.

அம்மாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. நீ எனக்கு என்ன எழுதினாய் என்பதை மட்டும் சொல்லாதே. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சின்னம்மா
நீலாவதி


புதூர்நாடு
6.5.1984

நீலாவுக்கு அக்கா எழுதுவது.

போய்ச் சேர்ந்தாயா? உன் கால் வீக்கம் வடிந்ததா? மேஸ்திரி மறுபடி சேர்த்துக்கொண்டானா? முதலில் இதற்குப் பதில் எழுது.

நீ இங்கே இருந்த நாள்களில் ஒன்றைப் பற்றி நாம் இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஜீப்பிலிருந்து நீ இறங்கினாய். முதலில் உன் பை, பிறகு உன் கால், பிறகு இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த நீ. என்னை விடப் பெரிதாக இருந்தாய். முன்நெற்றியில் முடி இல்லை. மூக்கின் மேல் பொடி எழுத்துப் படிக்கிற கண்ணாடி. வாசலிலிருந்து ஆடு கட்டியிருக்கும் இடம் வரைக்கும்கூட நடக்க முடியாமல் மூச்சு வாங்கினாய். நாள் முழுக்க ஸ்டூலில் உட்காரவைத்து அந்தக் கம்பெனி உன்னை என்ன செய்திருக்கிறது என்று பார்த்தேன். மாமா உன்னைத் தாண்டிப் போய் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா, நீலா வர்லியா?" என்று டிரைவரைக் கேட்டார்.

நீ அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது நீலா. எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் நிஜம். என் தங்கை தடித்துவிட்டாள், தலை சொட்டையாகிவிட்டது என்று சந்தோஷம். இத்தனை மாதம் சாமைக் குதிருக்குள் ஒரு பிளாஸ்டிக்கைப் புதைத்து வைத்துக்கொண்டு யாரை நினைத்து நான் பட்டினி கிடந்தேனோ, அப்படி ஒருத்தி இல்லவே இல்லை. அவள் என் புருஷன் கண்ணிலும் என் கண்ணிலும் மட்டும்தான் இருந்திருக்கிறாள். அப்புறம் உன் முகத்தைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பெண் பார்க்க வந்த அன்று மாமா பார்த்த மாதிரி. சந்தோஷம் அந்த இடத்திலேயே அறுந்து விழுந்தது.

முதலில் சிரித்தது சின்னக்குழந்தைதான். "சின்னம்மாவா? இதுவா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீயும் சிரித்தாய். "ஆமாண்டி, பொம்மைக்கு வயசாயிடுச்சி. சோறு போடுவியா மாட்டியா?" என்றாய். அவள் ஓடிப்போய்த் தட்டு எடுத்து வந்தாள். நான் கிண்டின களிதான். நீ உருட்டி ஒன்றை உன் வாயில் போட்டாய், ஒன்றை அவள் வாயில் போட்டாய். பேசிக்கொண்டே போட்டாய். மேஸ்திரியைப் பற்றி, செருப்புச் சாயத்தைப் பற்றி, பொம்மைகளுக்கு வயிறு இல்லாததால் கம்பெனிப் பெண்கள் அவற்றைத் திட்டுகிற திட்டுகளைப் பற்றி. அவள் விழுங்கியது அவளுக்கே தெரியவில்லை. வெளியே வரவில்லை. நான் கதவு மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தது நீ என் பக்கம் நீட்டினாய். "நீயும் வாயத் தொற, பட்டினி கிடந்தது போதும்" என்றாய். அது உனக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கமாட்டேன்.

நீ போன மறுநாள் சின்னக்குழந்தை குதிருக்குள் கை விட்டுப் பொம்மையை எடுத்து வாசல் கல் மேல் வைத்துவிட்டு விறகுக்குப் போனாள். முட்டை நின்றுபோன கோபத்தில் இருந்த நாய் அதன் காலைக் கவ்விக் கொண்டுபோய்க் கடித்துக்கொண்டிருந்தது. நானும் பார்த்தேன், மாமாவும் பார்த்தார். யாரும் பிடுங்கவில்லை. இந்த முறை மாமா பேசாமல் இருந்ததில் எனக்கு வருத்தம் இல்லை.

ஊரில் பேச்சு இருக்கிறது. தீட்டுக் குடிசைக்குள் பெற்றவள் போய்விட்டாள், இந்த வருடம் மழை வராது என்கிறார்கள். வராவிட்டால் என்னைக் கேட்கட்டும். அடுத்த பெண்ணுக்குக் கட்டுகிற குடிசைக்குள்ளும் நான் போவேன் என்று கெங்கம்மாளிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கும் ஒரு பெண் இருக்கிறாள்.

சின்னக்குழந்தை இப்போது இரண்டு வேளை தின்கிறாள். கன்னத்தில் கொஞ்சம் சதை வந்திருக்கிறது. என் கையாலும் தின்கிறாள். ஆனால் ஒவ்வொரு வாய்க்கும், "இப்படி இல்லம்மா, சின்னம்மா உருட்டற மாதிரி உருட்டு" என்கிறாள். எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிகிறது.

நீ எப்படி உருட்டினாய் என்று அடுத்த கடிதத்தில் எழுதி அனுப்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
பாஞ்சாலை